மூழ்காத மகளைக் காப்பாற்றியது

போன வருடம் பிப்ரவரி ஆறாம் தேதி, வியாழக்கிழமை, மாலை மணி ஆறரை. வானத்தில் மேகம் இல்லை. காற்று மேற்கிலிருந்து அடித்ததால் மணலி ஆலைகளின் வாடை எங்கள் காலடிப்பேட்டை வீட்டுக் கூடம் வரை வந்து உட்கார்ந்திருந்தது. அந்த நிமிடம் வரவேண்டிய ஒரு போன் வரவில்லை. பிறகு நடந்த அத்தனை மானக்கேட்டுக்கும் காரணம் அவ்வளவுதான்.

போன் செய்ய வேண்டியவள் என் மகள் யமுனா. நார்வே நாட்டின் வடகோடியில் ஒரு துறைமுக ஊரில் கடல் உயிரியல் படிக்கிறாள். என் நாற்பத்து நான்காவது வயதில் பிறந்த ஒரே பெண். (கவலைப்படுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் என்பதால் கவலை முழுவதும் அவளுக்கே போய்ச் சேரும்.) அங்கே மதியம் இரண்டு மணி ஆகும்போது இங்கே ஆறரை. சாப்பிட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசுவாள். அதற்குள் நான் ஸ்வெட்டரைப் பற்றி இரண்டு முறையாவது கேட்டுவிடுவேன்.

"இங்க யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்கப்பா. கதவ சாத்துனா சாத்துனதுதான்" என்று ஒருமுறை சொன்னாள். பாவம், குழந்தை புலம்புகிறது என்று நினைத்தேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள் என்பது புரிய எனக்கு இந்தச் சம்பவம் தேவைப்பட்டது.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் என் பைத்தியம் புரியாது. மீன்பிடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். போகும் விசைப்படகுகளையும் திரும்பும் விசைப்படகுகளையும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றானால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஒரு படகு சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் முதலில் பக்கத்துப் படகுகளை வயர்லெஸ்ஸில் கேட்க வேண்டும். அவர்களும் பார்க்கவில்லையென்றால் மேலே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்கக் கூடாது. ஓய்வு பெற்று பத்து வருடம் ஆகிறது. படகுகள் என்னை விட்டுப் போய்விட்டன, எண்ணிக்கை மட்டும் போகவில்லை.

ஏழு மணி ஆனது. எட்டு ஆனது. அவள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மனைவி சரோஜா கொருக்குப்பேட்டையில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தன் போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து தேசிங்கு வந்தான். விசைப்படகு ஓட்டியவன், என் நாற்பது வருட சிநேகிதன்.

"இன்னா நைனா, மூஞ்சி சுண்டிக்கினு கீது?"

"யமுனா போன் வரலைடா."

"எம்மா நேரமா?"

"ஒரு மணி நாற்பது நிமிஷம்."

அவன் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவனும் கடலில் கிடந்தவன்தானே. முகம் மாறிவிட்டது. "நம்ம போட்டா இருந்தா இந்நேரம் இன்னா பண்ணுவ நீ?"

அவ்வளவுதான், ஓய்வு பெற்றவன் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பக்கத்துப் படகு யமுனாவின் அறைத்தோழி. அந்தப் பெண் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள்: "போன் இங்கே மேசைமேல்தான் இருக்கிறது. அவள் காலையிலேயே படகுத்துறைக்குப் போனாள். இன்னும் வரவில்லை."

போன் கரையில், ஆள் படகுத்துறையில், அந்த ஊரில் இருட்டத் தொடங்கும் நேரம். முப்பத்தோரு வருடத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டபோதெல்லாம் நான் கெட்ட செய்தியோடு யார் வீட்டுக் கதவையாவது தட்டப் போயிருக்கிறேன். தேசிங்கு எனக்கென்று ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, அதைத் தானே குடித்தான்.

அந்த ஊர் கடல்மீட்பு நிலையத்தின் எண் என்னிடம் இருந்தது. (மகளுக்கு விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தேடி எடுத்துவிட்டேன்.) அழுது பேசினால் யாரும் அசைய மாட்டார்கள் என்று தெரியும். ஆகவே அதிகாரியாகப் பேசினேன். பெயர், வயது, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், இடது புருவத்தில் தழும்பு, கடைசியாகப் போன இடம், தகவல் அற்ற நேரம். எதிர்முனையில் இருந்தவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. "உடனே படகு போகிறது" என்றார். என் வாழ்க்கையிலேயே சிறந்த அறிக்கை அதுதான்.

படகு போனது. படகுத்துறையை ஒட்டி எட்டு மாணவர்கள் செம்மஞ்சள் நிற மிதவை உடையில், கைகோத்து வட்டமாக, வெகு பத்திரமாக மிதந்துகொண்டிருந்தார்கள். கரையில் பயிற்சியாளர் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறு மாதம் ஒரு ஆராய்ச்சிக் கப்பல் பதினான்கு நாள் பனிக்கடலுக்குப் போகிறது. பயிற்சியில் தேறும் ஆறு பேருக்குத்தான் இடம். யமுனா ஒன்றரை வருடமாகக் காத்திருந்தது அந்த இடத்துக்கு. மிதந்து முடிக்க நான்கு நிமிடம் இருந்தபோது மீட்புப் படகு வந்து, புருவத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவளை மட்டும் தூக்கியது.

பாதியில் தண்ணீரை விட்டு வந்தவர் தேறவில்லை என்பது விதி.

ஆளைத் தூக்கிவிட்டோம், பத்திரம் என்று மீட்பு நிலையத்திலிருந்து ஒன்பது மணிக்குப் போன் வந்தது. ஒன்பதரைக்குச் சரோஜா வந்தாள். தேசிங்கு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மன்சா! அது எங்கிட்ட நேத்தே சொல்லிச்சுய்யா. தண்ணில எறங்கப் போறேன்னு தெரிஞ்சா அப்பா பேஜாரு பண்ணுவாரு, சொல்லாதன்னுச்சு. சரின்னு வாய மூடிக்கினு இருந்தேன். நீ அந்த ஊர் போட்ட உட்டு புள்ளய வல போட்டு புடிச்சிகினியா?"

பத்து மணிக்கு யமுனாவே கூப்பிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை.

"யப்பா, அந்தத் தண்ணில மிதக்கறப்ப எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? இப்ப நான் எங்க கீறேன்னு யாருக்கும் தெரியாது, ஆனா நான் நல்லா கீறேன்னு. மொத தடவையா பயமே இல்ல. அப்ப தோள்ல ஒரு கை வந்து வுழுந்துச்சு."

நான் ஸ்வெட்டரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் யமுனாவின் பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, என் மகளுக்கு இதில் பங்கில்லை என்று எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. தனியாக மறுபயிற்சி எடுத்துத் தேறினால் ஆறாவது இடம் அவளுக்கு. பயிற்சிக் கட்டணத்தை அழைத்தவர் கட்ட வேண்டும். கப்பல் திரும்பும் வரை அழைத்தவர் யாரையும் அழைக்கக் கூடாது.

யமுனா தேறினாள், கப்பல் ஏறினாள். பதினான்கு நாளும் என் போனைத் தேசிங்கு தன் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினான். தினமும் ஆறரைக்கு நான் அவன் வீட்டுப் பக்கம் நடப்பேன். அவன் மாடியிலிருந்து, "பூட்டு பத்திரமா கீது நைனா, வூட்டுக்குப் போ" என்பான். பதினைந்தாம் நாள் வந்த யமுனாவின் குரல் என்னை விட வயதில் மூத்தவளுடையது போல இருந்தது. நான் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

இப்போதும் எங்கள் தெருவில் யாராவது தயிர் வாங்கப் போய்க் கால் மணி தாமதமானால் சரோஜா வாசலில் நின்று குரல் கொடுப்பாள்: "சீக்கிரம் வந்துடு கண்ணு, எங்கூட்டுக்காரரு கையில போனு கீது!" தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

வெளிநாட்டு அழைப்புக்கு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய், மறுபயிற்சிக்கு இருபத்து நான்காயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, அதை அனுப்ப வங்கி பிடித்தது ஐந்நூற்றுத் தொண்ணூறு. நல்லபடியாக மிதந்துகொண்டிருந்த பெண்ணைக் காப்பாற்ற எனக்கு ஆன மொத்தச் செலவு இருபத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய்.