பதினேழாம் எண் சட்டையும் நம் கடையின் மானமும்

அன்பு மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கை கணவன் எழுதுவது. கடை நலம், இஸ்திரிப் பெட்டி நலம், உங்கள் தங்கை என்னைவிட நலம். அறுவைக்குப் பின் உங்கள் முழங்கால் மடங்குகிறதா என்று அறிய ஆவல்.

கடையைப் பற்றி யாரோ போனில் ஏதோ சொன்னார்களாம். நம்ப வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நமக்கு அழுக்குத் துணி மூட்டை அனுப்பும் கால்பந்துக் குழுவில் பதினேழாம் எண் ஆட்டக்காரர் இருக்கிறாரே, அவர் பிறந்த தீவு நாடு வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வென்று தந்த ஒரே கோல், சேற்றில் சறுக்கி விழுந்து அவர் போட்டது. அன்றிலிருந்து ஊரே அவர் பின்னால். முடிதிருத்துபவர் அவருடைய வெட்டைத் தவிர வேறு வெட்டு வெட்ட மறுக்கிறார். பல் டாக்டர் அவர் படத்தைக் காட்டித்தான் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைக்கிறார். கோல் போட்ட சட்டையைச் சேற்றோடு கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமென்று அந்தத் தீவின் அரசே கேட்டிருக்கிறது. மடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்பதால் மூட்டையோடு ஒரு சீட்டும் வந்தது: ‘பதினேழைத் துவைக்க வேண்டாம். மடித்துத் தந்தால் போதும்.’

சீட்டைப் படித்தேன், மச்சான். படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அழுக்காக வந்த துணி அழுக்காகவே நம் கடைப் படி இறங்கியதுண்டா? மேலே கிடந்த பதினேழை எடுத்தேன். கை என்னைக் கேட்கவில்லை. இரண்டு தண்ணீரில் அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டது.

குழுவின் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒரு நாடே ஏர்போர்ட்ல காத்துக்கிட்டு நிக்கப் போவுது, நீ சோப்பு போட்டு வெச்சிருக்கியா? இனிமே எங்க மூட்டை உன் வாசலுக்கு வராது!”

அந்த மூட்டை போனால் கடையில் மிச்சம் நாலு போர்வைதான். நான் கலங்கவில்லை. ஆட்டக்காரரையே வரவழைத்தேன். இங்கே வந்த மூன்று வருஷத்தில் நம் பேச்சு அவருக்கு அத்துப்படி. சட்டையை முகர்ந்து பார்த்தார். “அண்ணே, எங்கம்மாகூட இவ்ளோ வெள்ளையா துவைச்சதில்ல.”

“தம்பி, போட்டுக்கிட்டு ஒரு தடவை விழுந்துடேன்.”

“அதே மாதிரியா?”

“அதே மாதிரி.”

மைதானம் காய்ந்து கிடந்தது. எட்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அவர் விழுந்தார். சேதி பரவி இருநூறு பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு கை சேறு பூசியதில் எண்ணே மறைந்துவிட்டது. பத்திரிகைப் படத்தை எதிரே வைத்து, கறை கறையாக ஒத்துப் பார்த்து, வேண்டாத சேற்றைப் பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன். அந்த நேர்த்தி வேறு எந்தக் கடைக்கு வரும்? மேனேஜரே கடைசியில், “சரி, மூட்டை இங்கயே வரட்டும்” என்றார். இன்று காலை சட்டை விமானம் ஏறியது.

ஆகவே முழங்காலை மடக்குங்கள், கோபத்தையும் மடித்து வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: ஆட்டக்காரர்கள் இடைவேளையில் சட்டை மாற்றுவார்களாம், இப்போதுதான் தெரிந்தது. நான் துவைத்தது முதல் பாதிச் சட்டை. கோல் விழுந்தது இரண்டாம் பாதியில். அந்தச் சட்டை மூட்டையின் அடியில் இருந்திருக்கிறது. நான் மைதானத்தில் இருந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை மிச்சத் துணியையெல்லாம் துவைத்துவிட்டாள். அதுவும் சேர்ந்து கொடியில் தொங்குகிறது. கஞ்சி நன்றாகப் பிடித்திருக்கிறது, மச்சான். நிற்க வைத்தால் நிற்கிறது.