ஆர்த்திகா போட்ட குரவை

முகத்தில் பாதிச் சவரம் முடிந்திருந்தபோதுதான் உதயரூபனின் காதில் குரவைச் சத்தம் விழுந்தது. அது தன் வீட்டு வாசலில் இருந்தே வருகிறது என்று விளங்கியதும் ரேசரைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஐந்து வயது மகள் ஆர்த்திகா வாசல் கடப்படியில் நின்று, தெருவைப் பார்த்து, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டுக்கொண்டிருந்தாள். அம்மன் சடங்கில் பெண்களைப் பார்த்துப் பழகிய வித்தை அது.

மட்டக்களப்பில் ஒரு வீட்டில் குரவை கேட்டால் அங்கே நல்ல காரியம் கைகூடிவிட்டது என்று அர்த்தம். இந்த வீட்டில் கைகூடாமல் இழுபடும் காரியம் ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் தங்கை கேதீஸ்வரியின் கல்யாணம். நிதுர்ஷன் வீட்டார் வந்து பெண் கேட்டது சித்திரையில். மாமனார் கந்தப்போடி இன்னும் யோசிக்கிறார். இன்று காலை வட்டைக்கு வயல் பார்க்கப் போகும்போதுகூட, "நான் முடிவு சொல்லுமட்டும் ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது" என்று மருமகனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். மனைவி வீட்டோடு இருக்கிற மருமகனுக்கு மாமனார் வாக்கு என்றால் சும்மாவா?

அதற்குள் பக்கத்து வீட்டுக் கண்ணகை வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ன தம்பி, சரிவந்திட்டுதா?"

"ஒண்டுமில்ல அக்கா, புள்ள விளையாடுது."

"ஓமோம். பாதிச் சவரத்தோட ஓடி வந்ததிலயே விளங்குது."

சொன்னதோடு நிற்காமல், முறைப்படி அவளும் ஒரு குரவை போட்டாள். அடுத்த வீட்டிலிருந்து அதற்குப் பதில் குரவை வந்தது. அதற்கடுத்த வீடு சும்மா இருக்குமா?

உதயரூபன் மகளை உள்ளே தூக்கிப்போய் பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தான். தின்றுமுடித்தவள் பின்பக்கத்தால் நழுவி, பின்தெருவுக்கும் ஒரு குரவை போட்டாள்.

இனித் தானே மறுத்தால்தான் சரி என்று வெளியே வந்து, கூடியிருந்த பெண்களிடம், "மாமா வாறமட்டும் நான் ஒண்டும் சொல்லேலாது" என்றான். அவ்வளவுதான். எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள்.

கேதீஸ்வரியின் அறைக் கதவைத் தட்டினான். தலையிடிக்கிறது, நீங்களே சமாளியுங்கள் அத்தான் என்று உள்ளிருந்து பதில் வந்தது. பாவம், வெட்கத்தில் செத்துப்போயிருப்பாள் என்று இவனுக்கு நெஞ்சு உருகியது.

சற்று நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வாழைப்பழச் சீப்பும் வெற்றிலைத் தட்டுமாக இறங்கினாள் நிதுர்ஷனின் தாய். அவள் பின்னாலேயே சேற்றுக் காலோடு மோட்டார்சைக்கிளில் வந்துசேர்ந்தார் கந்தப்போடி. இன்றோடு இந்த வீட்டில் தன் சோறு முடிந்தது என்று உதயரூபன் முடிவே கட்டிவிட்டான்.

கந்தப்போடி கூட்டத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பாதிச் சவரத்து மருமகனையும் பார்த்தார். வாசலுக்கு வந்த வெற்றிலையைத் திருப்பி அனுப்பினால், வயலும் பேரும் உள்ள போடியாரின் மானம் என்னாவது? தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார்.

"நானும் இதத்தான் நினைச்சிருந்தன்" என்றார்.

இந்த முறை ஊரே குரவை போட்டது. உதயரூபனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அறைக் கதவு திறந்தது. தலையிடிக்காரி புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆர்த்திகா ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சின்னம்மா, போட்ட குரவை காணுமா, இன்னும் போடணுமா?"