உயிருள்ள ஒரு சாக்கு

இந்த வருஷம் மாமியாரின் திராட்சைத் தோட்டத்தில் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று மெத்தோடி முடிவு செய்தான். முடிவு செய்வது சுலபம். அதைப் பென்காவிடம் சொல்வதுதான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து அவன் எடுத்த முடிவுகள் எல்லாம் பெண்டாட்டியின் காதுக்குப் போகிற வழியிலேயே கால் ஒடிந்து விழுந்திருக்கின்றன.

போன வருஷம் இடுப்பு வலி என்று சொல்லிப் பார்த்தான். பென்கா மிளகாயை ராக்கியாச் சாராயத்தில் ஊறப்போட்டு இடுப்பில் தேய்த்தாள். தோட்டம் கொத்துவது அதைவிடத் தேவலை என்று அவனே எழுந்து ஓடினான். அதற்கு முந்தின வருஷம் பல்வலி. "பல்லாலயா கொத்தப் போற?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பலும் உண்டுதான், ஆனால் அது மட்டும் இல்லை. மீன்கள் முட்டையிடும் காலம் என்று வசந்தத்தில் டான்யூப் ஆற்றில் தூண்டில் போடத் தடை விழும். அதற்கு முந்தின சில நாட்களில்தான் ஆள் நீளக் கெளுத்தி ஆழத்தை விட்டு மேலே வரும். சரியாக அந்த நாட்களில்தான் மாமியார் தோட்டத்துக் கொத்தும் வரும். ஒவ்வொரு வருஷமும் பக்கத்து வீட்டுச் சாவா படகை எடுத்துக்கொண்டு போய்க் கெளுத்தியோடு வருவான். மெத்தோடி கை நிறையக் கொப்புளத்தோடு வருவான். ஐம்பது வயது தாண்டியும் ஒரு கெளுத்திகூடப் பிடிக்காதவன் அந்த ஆற்றங்கரை ஊரில் அவன் ஒருவன்தான்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. வலியெல்லாம் செத்த சாக்கு. தைலம் தேய்த்தால் போய்விடும். ஓர் ஆள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய, உயிருள்ள சாக்கு வேண்டும். மறுநாளே டவுனுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிற மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் முட்டைகளை நாம்தான் கையால் புரட்ட வேண்டும். மற்றதில் சின்ன மோட்டார் இருக்கிறது, அதுவே புரட்டிக்கொள்ளும். மெத்தோடி வாங்கியது இரண்டாவது. வீட்டில் சொன்னது முதலாவது.

"மூணு மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு முட்டையையும் கையால புரட்டணும் பென்கா. இல்லேன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும்."

"ஐயோ பாவம்."

"குஞ்சுதானே?"

"உன்னைச் சொன்னேன்."

"ஆமா. ஒரு ஆள் வீட்டை விட்டு நகர முடியாது."

"அப்ப அம்மா தோட்டத்துக்கு நீ வர முடியாது."

"அதை நினைச்சாத்தான் எனக்கு மனசே ஆறல."

"வியாழக்கிழமை நான் மட்டும் கிளம்பினா, ஆட்டுக்கெல்லாம் யாரு தழை போடுறது?"

"நான்."

"பால் கறந்து, காய்ச்சி, உறை ஊத்தி..."

"எல்லாம் நான். வீட்டுலயேதானே கிடக்கப் போறேன்? நீ நிம்மதியாப் போயிட்டு வா."

பென்கா உடனே "சரி" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி என்றதே கிடையாது. அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மனசு ஏற்கெனவே படகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவளே கோழி முட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டாள், புரட்டினது தெரிய வேண்டுமே. அடுக்களை மூலையில் பெட்டியை வைத்து மூடியதும் உள்ளிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன அது?"

"என் வயிறு" என்றான் மெத்தோடி.

பென்கா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள். அடுத்த ஒரு வாரம் பகலில் எப்போது கிர்ர்ர் என்றாலும் வைத்தாள். அவன் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை அவள் பஸ் ஏறினாள். கொத்து வேலைக்குப் போகிறவள் எதற்குப் புது ஷூ போட்டிருக்கிறாள் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பையும் கெளுத்தி விழுங்கிவிட்டது. பஸ் திரும்பியதுதான் தாமதம், தூண்டில்களைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தான். வாசற்படலில் ஸ்லாதா அத்தை நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி. கையில் சல்லடை, அதன்மேல் துண்டு, துண்டுக்கு அடியில் வான்கோழி முட்டைகள்.

"எங்கடா, தூண்டிலோட?"

"கழுவி வெயில்ல வைக்க, அத்தை."

"வை, வை. பென்கா சொன்னா, நீ மூணு மணிக்கு ஒரு தரம் கையாலயே புரட்டுறியாமே. என் வான்கோழி இந்த வருஷம் அடையே உட்கார மாட்டேங்குது. ஒத்தைப்படையா எண்ணி எடுத்துட்டு வந்தேன்."

"பெட்டியில இடம் இல்லியே அத்தை."

"இருக்கு. பென்கா பாதியை எங்களுக்குன்னுதான் விட்டு வச்சிருக்கா. நீ போய் உட்காரு."

அந்த ஊரில் முட்டை விஷயத்தில் 'உட்காரு' என்றால் சாதாரண உட்காரு இல்லை. குளிர்காலத்தில் இக்நாத் பண்டிகையன்று காலையில் வீட்டுக்குள் முதலில் யார் நுழைகிறார்களோ அவரைத் தலையணை போட்டு உட்கார வைப்பார்கள். அவர் எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருகிறாரோ அவ்வளவு நன்றாக அந்த வருஷம் அந்த வீட்டுக் கோழிகள் அடை உட்காரும். இளவட்டமாக இருந்தபோது மெத்தோடி இதே ஸ்லாதா அத்தை வீட்டுக்கு அப்படிப் போனான். தலையணை சூடாவதற்குள், ஆற்றில் யாரோ பெரிய மீனைப் பிடித்துவிட்டான் என்று சத்தம் கேட்க, எழுந்து ஓடிவிட்டான். அந்த வருஷம் தெருவில் ஒரு கோழி அடை உட்காரவில்லை. அன்றிலிருந்து அவனுக்குக் 'கூமுட்டைக் கால்' என்று பெயர். பண்டிகைக் காலையில் அவன் தலையைக் கண்டால் தெருவே தாழ்ப்பாள் போடும். அவன் சிரித்து மழுப்புவான், ஆனால் உள்ளுக்குள் வலிக்கும்.

அப்படிப்பட்டவனைத் தேடி முட்டை வந்திருக்கிறது. எப்படி மறுப்பது? உட்கார்ந்தான். அத்தை போனதும் ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டான். அத்தை கம்பளி நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கிர்ர்ர் என்றது பெட்டி.

"என்னடா சத்தம்?"

"வயிறு, அத்தை."

"பெண்டாட்டி ஊர்ல இல்லேன்னா வயிறு அழத்தான் செய்யும். அசையாதே, நான் போய்ப் பீன்ஸ் குழம்பு கொண்டு வரேன்."

அவள் எழுந்து போன இடைவெளியில் மெத்தோடியும் எழுந்தான். வாசலில் பாதிரியார் மனைவி, கூடை நிறைய வெளிர்பச்சை வாத்து முட்டைகளோடு. அவள் உட்கார வைத்துவிட்டு நகர்வதற்குள் அத்தை குழம்போடு வந்துவிட்டாள். அப்புறம் தபால்காரம்மா, அவளுக்குப் பின்னால் அவள் ஓரகத்தி. ஆள் மாற்றி ஆள், பட்டாளத்துக் காவல் மாதிரி. பால் கறக்க எழுந்தால்கூட ஒருத்தி கூடவே வந்தாள். பார்க்கிறவர்கள் எதிரில் சும்மா இருக்க முடியுமா? பெட்டியைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் பெருக்கலிலிருந்து வட்டத்துக்குப் புரட்டினான். அவர்கள் பாராட்டினார்கள். சற்று நேரத்தில் பெட்டி கிர்ர்ர் என்று அத்தனையையும் வட்டத்திலிருந்து பெருக்கலுக்குத் திருப்பிப் புரட்டியது. அதற்கு ஒரு தட்டு சோளக்களி வந்தது. ஆப்பசைத்த குரங்குக்குக்கூட யாரும் இப்படி ஊட்டிவிட்டதில்லை.

சாவா போன் செய்தான். "எங்கடா இருக்க? மீன் துள்ளுது."

"உட்கார்ந்திருக்கேன்" என்று மெத்தோடி கிசுகிசுத்தான்.

"எழுந்து வாயேன்."

"எழுந்தா ஊர்ல ஒரு முட்டை பொரியாதுடா."

சாவா சிரித்த சிரிப்பு அடுக்களை முழுக்கக் கேட்டது. "உங்க வயிறு இப்ப சிரிக்குது போல" என்றாள் தபால்காரம்மா.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை, பாதிரியார் மனைவி கம்பளியைத் தலைக்குமேல் போர்த்தி, முதலில் வைத்த கோழி முட்டை ஒன்றை டார்ச் லைட்டின்மேல் வைத்துக் காட்டினாள். உள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடியது, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. மெத்தோடி டார்ச்சை வாங்கித் தானே இன்னொரு தடவை பார்த்தான். தன் கால் கூமுட்டைக் கால் இல்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நம்பினான். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே சாவா ஒரு கெளுத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அதன் வால் தரையைப் பெருக்கியது. மெத்தோடி அரை அங்குலம் எழும்பினான். ஸ்லாதா அத்தை தோளில் கை வைத்து அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பென்கா வந்தாள். கறுத்துக் களைத்து வருவாள் என்று பார்த்தால், தோல் வேகவைத்து உரித்த உருளைக்கிழங்கு மாதிரி மினுமினுவென்று இருந்தது. கையில் ஒரு கொப்புளம் இல்லை.

"கொத்தி முடிச்சாச்சா?"

"இல்லியே."

"மழையா?"

"நல்ல வெயில். கொத்து அடுத்த வாரம்தான்."

"வியாழக்கிழமைன்னு சொன்னியே?"

"வியாழக்கிழமை கிளம்பறேன்னு சொன்னேன். எங்கேன்னு நீ கேட்கலையே. அம்மாவும் நானும் வெந்நீர் ஊத்துக்குப் போயிருந்தோம். எத்தனை வருஷத்து ஆசை தெரியுமா? ஆட்டை யாரு பார்ப்பா, பாலை யாரு கறப்பான்னே போக முடியல. இந்த வருஷம்தான் வீட்டுல ஒரு ஆம்பளை இருந்தான்."

மெத்தோடி காலண்டரைப் பார்த்தான். விடிந்தால் மீன்பிடிக்கத் தடை. ஆறு போயிற்று. இருக்கிற மானத்தையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று, கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தான்.

"அடுத்த வாரம் நான் எப்படி வர முடியும், பென்கா? வாத்து முட்டையும் வான்கோழி முட்டையும் லேசுல பொரியாது. ஊரே நம்பிக் குடுத்திருக்கு. மூணு மணிக்கு ஒரு தடவை யாராவது கையால..."

பென்கா புது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"முட்டையை அது தானாப் புரட்டிக்கும், மெத்தோடி. கையால புரட்ட வேண்டியிருக்கிறது உன்னைத்தான்."