மூன்று வழியும் இரண்டு பூவும்

பீளமேடு,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ரவிக்குமார் அவர்களுக்கு, மச்சான் மாசாணம் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அக்காவும் நானும் நலம், என் வயிறு மட்டும் நீங்கலாக. போனில் சொல்லலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தாலே நீங்கள் உங்கள் பித்தப்பைக் கதைக்குப் போய்விடுகிறீர்கள். கல்யாண வீட்டில்கூடச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறீர்கள். அதனால் பெருந்துறைக்கு வரும் உங்கள் மகள் இனியாவிடம் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

என் இரைப்பையில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சுவருக்குள்ளே ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு. விட்டுவைத்தால் வளருமாம். பெரிதாக இருந்தால் வயிற்றைக் கிழிப்பதுதான் வழி. சின்னது என்பதால் டாக்டர் அமலி எனக்கு மூன்று வழி சொன்னார். உங்களுக்கு ஒரே வழிதான் சொன்னார்கள், ஞாபகம் இருக்கட்டும். முதலாவது, வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்தே தோண்டி எடுப்பது. வெளியே கீறலே இருக்காது, ஆனால் என் கட்டி ஆழத்தில் இருப்பதால் இரைப்பை ஓட்டையாகிவிடலாம். இரண்டாவது, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு வெளியிலிருந்து வெட்டுவது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இத்தனூண்டு கட்டி தெரியாது, கூடுதலாக வெட்டிவிட்டால் சோறு இறங்கும் பாதை குறுகிவிடும். மூன்றாவது, இரண்டையும் சேர்த்துச் செய்வது. ஒருவர் வாய் வழியாக உள்ளே வெளிச்சம் பிடித்து இடத்தைக் காட்ட, இன்னொருவர் துளை வழியாக அந்த அளவுக்கு மட்டும் வெட்டித் தைப்பார். "உங்க கட்டி இருக்கற எடத்துக்கு இதுதானுங்க சரி" என்றார் டாக்டர். பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு இது புரியாதா? "நாங்களும் பம்புக்குள்ள ஒருத்தன் லைட் புடிச்சாத்தானுங்க வெளிய ஒருத்தன் கை வெப்போம்" என்றேன். டாக்டரே சிரித்துவிட்டார். ஒரே வயிற்றுக்கு இரண்டு டாக்டர், மாப்பிள்ளை. நம் சொந்தத்தில் யாருக்கு அமைந்தது?

உங்கள் அக்கா ராமாத்தாள் சும்மா விடுவாளா? "ஏனுங்க, போர் போடறதுக்கே அம்மங்கிட்டப் பூக் கேட்டோம். வயித்துல கை வெக்கறதுக்குக் கேக்க வேண்டாமுங்களா?" என்று கோயிலுக்கு இழுத்துப்போனாள். வாய் வழிக்கு வெள்ளைப் பூ, துளைக்குச் சிவப்புப் பூ. மூன்றாவது வழிக்கு? மஞ்சள் பூ வைக்கலாம் என்றாள் அவள். "வெள்ளையும் செவப்புந்தானுங்க வழக்கம். புதுசா வெச்சா அம்மனுக்கு என்னங்க தெரியும்?" என்றார் பூசாரி. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. இரண்டு பூவையும் ஒரே இலையில் வைத்தால் இரண்டும் சேர்ந்த வழி. பூசாரியே மூன்று இலை எடுத்துக் கொடுத்தார். நானே மூன்று பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்தேன். சின்னக் குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும், அதில் இருப்பதுதான் அம்மன் வாக்கு என்பது முறை; எங்களிடம் இருந்த சின்னது, காலேஜ் படிக்கும் இனியாதான். அவள் எடுத்த பொட்டலத்தில் வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தே இருந்தது. உங்கள் அக்கா கண்ணீர் விட்டுவிட்டாள். டாக்டர், அம்மன், நான் மூன்று பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டியதில்லை. துணைக்கு ஆள் தேடுகிறவன் நானில்லை. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் வயிறார உண்டு, குறையில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மச்சான் மாசாணம்.

பின்குறிப்பு: மூன்று பொட்டலத்திலுமே இரண்டு பூவையும் சேர்த்துத்தான் கட்டினேன். அம்மன் வேறு ஏதாவது சொல்லிவிட்டால், டாக்டர் சொன்ன வழிக்கு உங்கள் அக்கா விடமாட்டாளே. அவளுக்குத் தெரிய வேண்டாம். டாக்டர் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுக்கும்போது அம்மனை எந்த முகத்தோடு கூப்பிடுவது? பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை என்னை உள்ளே கொண்டுபோவதற்குள் வந்துவிடுங்கள். பித்தப்பைக் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள், கேட்கிறேன்.