பேச்சித்தாய் டீச்சர் பட்டயம் வாங்கிய கதை

ஒரு காட்டில், ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் ஒரு பாலர் பள்ளி இருந்தது. அதற்கு டீச்சர் ஒரு காட்டெருமை. பேர் பேச்சித்தாய். எருமைக்கு நரை விழாது, அதனால் வயசு யாருக்கும் தெரியாது. முழங்கால் மட்டும் அவ்வப்போது சொல்லிக் காட்டும்.

மான்குட்டி, முயல்குட்டி, பன்றிக்குட்டி எல்லாம் அவளிடம்தான் முதல் பாடம் படிக்கும். முதல் பாடம் அ, ஆ இல்லை. ஒரு பழுத்த இலையில் கரியால் கோடு கோடாக இழுத்துத் தூக்கிக் காட்டுவாள்.

"வரிவரியா இருக்கே, இது யாரு?"

"புலி!"

"இது வந்தா என்ன செய்யணும்?"

பதில் வராது. பிள்ளைகள் அதற்குள் புதருக்குள் இருக்கும். அதுதான் பதில். நின்று யோசிக்கிற பிள்ளைக்கு வாலால் ஒரு தட்டு விழும்.

அந்தக் காட்டுக்குக் கல்வி மந்திரி புலி. பிள்ளைகள் என்றால் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறும் அளவுக்குப் பிரியம். ஒருநாள் அவர் ஆபீசிலிருந்து நரி அதிகாரி வந்தார்.

"டீச்சரம்மா, இலையும் கரியும் வச்சுப் பாடம் நடத்துற காலம் மலையேறிப் போச்சு. கல்வித் தொழில்நுட்பத்துல பட்டயம் வாங்குங்க. இல்லேன்னா இந்த மரத்தடிக்கு வேற ஆள் வரும்."

"இந்த வயசுலயா சார்?"

"கத்துக்க வயசு ஏதும்மா?" என்றார் நரி. அவர் எதையாவது கற்றுக்கொண்டதாகக் காட்டில் பேச்சில்லை.

பிள்ளைகளை விட்டுப் போக மனசில்லை பேச்சித்தாய்க்கு. ஒரு செல்போனைத் தேடிப்பிடித்து ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். குளம்பால் ஒன்றைத் தொட்டால் நாலு திறந்தது. கூடப் படித்ததெல்லாம் பேத்தி வயசு. பாடம் நடத்துகிற கிளி "எல்லாருக்கும் கேக்குதா?" என்றால், மற்றவர்கள் கம்மென்று இருக்க, இவள் மட்டும் "கேக்குதுங்க சாஆஆர்" என்று பால்வாடி ராகத்தில் இழுப்பாள்.

"ஆன்ட்டி, மைக்கை ஆஃப் பண்ணுங்க. நீங்க அசைபோடுறது இங்க இடி இடிக்கிற மாதிரி கேக்குது," என்றது ஒரு அணில்.

"ஆஃப் பண்ணத்தாண்டி தேடுறேன், எங்க வச்சிருக்கானோ!"

கடைசிப் பரீட்சைக்கு ஒரு வீடியோ பாடம் செய்ய வேண்டும். தெரிந்த பாடத்தையே எடுத்தாள். இலையைத் தூக்கி, "வரிவரியா இருக்கே, இது யாரு?" என்றாள். அப்புறம் செய்ததுதான் கூத்து. ஆயுசெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டே பழகியவள் இல்லையா? செல்போனிடமும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றாள். ஊம் கொட்டினாள். "சபாஷ்டா என் ராசா, சரியாச் சொன்னே!" என்று வெறும் காற்றைக் கொஞ்சினாள். "இது வந்தா என்ன செய்யணும்?" மறுபடியும் காத்து நின்றாள். "சபாஷ்!"

அனுப்பின பிறகுதான் உறைத்தது. போச்சு, ஃபெயில்தான், பிள்ளைகள் கைவிட்டுப் போயாச்சு என்று புல் இறங்காமல் கிடந்தாள்.

திருத்தியது நரி அதிகாரி. "இது யாரு?" என்று திரை கேட்டதும், பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"நம்ம மந்திரி ஐயாங்க."

"சபாஷ்டா என் ராசா, சரியாச் சொன்னே!"

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் ராசா என்றதில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் வகுப்பில் பாஸ் போட்டார்.

பேச்சித்தாய் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அப்ப நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா சார்?"

"பட்டயம் வாங்கினவங்க மரத்தடியில நிக்கிறதா? அசிங்கம். இனி உங்களுக்கு ஆபீஸ். மரத்தடிக்கு உங்க வீடியோவே போதும்."

"ஐயோ சார், அதுல பதிலே இல்ல!"

"அதாம்மா அதோட அழகு. யாரு என்ன சொன்னாலும் சரியாயிடுது. ஒரு பிள்ளை ஃபெயிலாகாது."

புங்கமரத்தில் திரை கட்டினார்கள். "இது யாரு?" என்றது திரை. "மாமா," என்றது மான்குட்டி. "சபாஷ்டா என் ராசா!" "இது வந்தா என்ன செய்யணும்?" "உக்காந்துக்கணும்." "சபாஷ்!" வாலடி இல்லாத பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குக் கொள்ளை சந்தோஷம்.

மாசம் போனது. மந்திரி பார்வையிட வந்தார். ஆபீசிலிருந்து பேச்சித்தாயை அழைத்துவந்து, மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். மந்திரி நாலு வார்த்தை பேசிவிட்டு, மெள்ள இறங்கிப் பிள்ளைகள் பக்கம் நடந்தார்.

"மாமா! மாமா!"

மாலையோடு எழுந்தாள் பேச்சித்தாய். "வரி! வரிடா! ஓடுங்கடா!" என்று காடு அதிரக் கத்தினாள்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. ஒன்றும் ஓடவில்லை. சம்மணம் போட்ட மாதிரி அமர்ந்து, டீச்சர் எப்போது சபாஷ் சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா டீச்சரம்மா," என்று காதோரம் குனிந்தார் நரி. "உங்க காலத்துல பாடம்னா சிதறி ஓடுங்க. இப்ப என்ன ஒழுங்கு!"

அன்றைய மதியச் சாப்பாடு மந்திரிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. திட்டத்தை எல்லாக் காடுகளுக்கும் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

நீதி: நல்ல டீச்சரைக் கண்டால் உடனே பதவி உயர்வு கொடுத்துவிடுங்கள், மந்திரிக்கும் பசிக்கும் அல்லவா.