காலில் விழுமுன் ஐ.சி. பார்க்கவும்

யார் காலிலாவது விழப் போகிறீர்கள் என்றால் முதலில் அவர் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான். கற்றுக்கொண்ட இடம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். என் மனைவி சரசுவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வெறுங்காலோடு பால்குடம் எடுக்கிறேன் என்று பண்டமாரானில் எங்கள் அம்மனிடம் வேண்டியிருந்தேன். அம்மன் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டாள். என் முறை வந்தபோதுதான் வலது குதிகால் தகராறு செய்தது. (கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். பிரேக் மிதிப்பதும் அந்தக் கால்தான்.) காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணியில் மிதித்த மாதிரி இருக்கும். பால்குடத்துக்கு நான்கே நாள்.

"நீங்க நொண்டி நொண்டி பாலக் கொட்டுனா, ஆபரேஷன் ஆனது எனக்கா உங்களுக்கான்னு அம்மனுக்கே கொழம்பிடும்," என்று சொல்லி, சரசு என்னை ரயிலேற்றி பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப்போனாள். பார்வை இல்லாதவர்கள் நடத்தும் மசாஜ் கடை ஒன்று அங்கே இருந்தது.

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குணா என்பவர் வந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைத் தலை. நெற்றியில் விபூதி. எனக்கு அப்பா வயது இருக்கும் என்று தோன்றியது. என் காலடியில் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, "கால நீட்டுங்கண்ணே," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. விரதம் இருக்கிறவன் நான். ஒரு பெரியவர் என் காலைத் தொடுவதா? காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஐயா, நீங்க போய் என் காலத் தொடலாமா?"

"கால் மசாஜ்தானண்ணே கேட்டீங்க? காலத் தொடாம எப்படிலா பண்றது?"

"தொடாம... ஒரு துண்டு வச்சு..."

"சும்மா குடுங்கண்ணே. எனக்குக் கூச்சமில்ல, உங்களுக்கென்ன?"

(வாய்க்கு வாய் என்னை 'அண்ணே' என்றாரே, அப்போதாவது யோசித்திருக்கலாம். கடையில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.)

பக்கத்தில் இருந்த சரசு என் தொடையில் கிள்ளினாள். காலைக் கொடுத்தேன். அவர் கட்டைவிரல் குதிகாலில் இறங்கியதும் வலி எங்கோ போனது. ஆனால் மனசு நிம்மதியாக இல்லை. அவர் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் "அம்மா, மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தேன். அவர் வலிக்கிறது என்று நினைத்து மெதுவாக அழுத்தினார். அந்தக் கனிவைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இரண்டு காலும் முடிந்தன. அவர் கை துடைக்க எழுந்தார். பாவத்தை இங்கேயே கழித்துவிட வேண்டும் என்று நானும் எழுந்தேன். பாதம் நிறைய எண்ணெய், கீழே பளபளவென்று டைல்ஸ். இது மூளைக்கு எட்டுவதற்குள் நான் அவர் காலில் விழக் குனிந்துவிட்டேன்.

விழுந்தேன் என்று சொல்ல முடியாது. வழுக்கிக்கொண்டே போனேன். ஸ்டூல் ஒரு பக்கம், தண்ணீர் பேசன் ஒரு பக்கம். பிடித்த திரைச்சீலை கம்பியோடு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த சீன அங்கிள் துள்ளி எழுந்து, "அபா ஜாடி?" என்று அலறினார். (என்ன ஆச்சு?)

குணா குனிந்து தடவிப் பார்த்தார். அவர் பாதத்தை இரண்டு கையாலும் நான் பிடித்திருந்தது தெரிந்தது.

"தா' அபா லா, அங்கிள். டியா செம்பயாங்," என்றார் அவரிடம். (ஒன்றுமில்லை, சாமி கும்பிடுகிறார்.)

பிறகு என்னிடம், "அண்ணே, என்ன வேலை இது? உங்களுக்கு என்னா வயசு?"

"அம்பத்தெட்டுங்க, ஐயா."

சட்டென்று காலை உருவிக்கொண்டார். "ஐயோ! எனக்கு நாப்பத்தொம்பதுதாண்ணே! எங்க வீட்ல இருபத்தஞ்சிலயே நரைச்சிரும். மூத்தவரு என் கால்ல விழுந்தா என் ஆயுசு என்னாவுறது?"

நான் நம்பவில்லை. பணப்பையிலிருந்து ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்டினார். சரசு வாங்கி, பிறந்த தேதியைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். வாசித்துவிட்டு என் தலையைப் பார்த்தாள். (அந்தக் கறுப்பு சாயப் பாக்கெட்டில் வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.)

குதிகால் குணமாகிவிட்டது. இடது கணுக்கால்தான் பன் மாதிரி வீங்கியிருந்தது. குணா மறுபடியும் ஸ்டூலைத் தேடிப் போட்டு உட்கார்ந்தார். "மூணு எண்ணுவேன்," என்று சொல்லி, இரண்டிலேயே இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் சீன அங்கிள் கிளம்பியே போய்விட்டார். அடுத்த மூன்று நாளும் சரசு அவர் சொன்னபடி ஒத்தடம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுத்தேன். ஊர்வலத்தில் கடைசி ஆள். நத்தை வேகம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சரசு கூடவே நடந்து வந்தாள். குடத்தை இறக்கி வைத்ததும் அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யார் யார் காலில் விழப் போனாலும், பிள்ளைகள் "ஐ.சி. பாத்தாச்சா?" என்று கேட்பார்கள். தீபாவளி, பொங்கல், எதுவும் பாக்கியில்லை.

இந்த வருடம் கிள்ளானில் மகள் கல்யாணம். குணா வந்திருந்தார். வாசலில் அவர் கையைப் பிடித்து, "வாங்க தம்பி," என்றேன். என் குரல் கேட்டதும் இரண்டடி பின்னால் போய், சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"ஐ.சி. கொண்டாந்திருக்கேண்ணே. அங்கேயே நில்லுங்க."