ஒரு சொட்டும் ஒரு மொட்டையும்

பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது கிடையாது. (அப்போது வேலை செய்யும் கிட்னியும் கிடையாது. அதனால்தான் இந்தக் கதையே.)

நாற்பது வயதில் அக்காவின் கிட்னி ஒன்று எனக்கு வந்தது. கல்யாணமாகாதவனுக்கு வேறு யார் கொடுப்பார்கள்? ஆபரேஷன் முடிந்ததும் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில் என்னை வைத்தார்கள். கிருமி வரக்கூடாதாம், மனிதர்களும் வரவில்லை. துணைக்குக் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பைதான். அதுவும் காலி.

"எடுத்து மாத்துற நேரத்துல கிட்னிக்கு ரத்தம் நின்னுபோச்சுல்ல, அதான்" என்றார் டாக்டர். "இப்ப பெரிய குழாயில நல்லா ஓடுது. உள்ள இருக்கிற நுண்குழாய்ங்க வீங்கிக் கெடக்கு. அங்க தயங்கித் தயங்கித்தான் போவுது. யூரின் வர சில நாள் ஆவும். அதுவரைக்கும் டயாலிசிஸ்."

ரத்தம் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே நுழையாமல் நிற்கிறது என்று புரிந்துகொண்டேன், என் சொந்தக்காரர்களைப் போல.

கீழ்மாடியில் படுத்திருந்த அக்கா போன் செய்தாள். "வந்துச்சாடா?"

"இல்லக்கா."

"வர்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னு வேண்டிக்கினேன்."

அவளுக்கு மிச்சமிருப்பது ஒற்றைக் கிட்னி. அதையும் எனக்காகக் கெடுத்துக்கொள்வாளே என்று பயந்துபோனேன். "இப்பதான் வந்துச்சுக்கா. கொட்டுது" என்றேன். (ஒரு சொட்டு என்று நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது.)

அக்கா தண்ணீர் குடித்தாள். ஆனால் அவள் புருஷன், என் மாமாவும் ஒரு வேண்டுதல் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அக்கா. அந்த நேரம் பார்த்து டாக்டர் அவர்களிடம், "இன்னும் ஒரு சொட்டுகூட வரல" என்றார்.

மாமா தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப இது எதுக்கு?"

அக்கா கண்ணாடியில் கை வைத்து அழுதாள். உள்ளே நானும் அழுதேன். அவள் திரும்பவும் விரதத்தில் இறங்காதபடி டாக்டர்தான் அதட்டித் தண்ணீர் குடிக்க வைத்தார்.

எட்டாம் நாள் நிஜமாகவே வந்தது. யாரும் நம்பவில்லை. பையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் மாமா.

அவருக்கு அதன்பின் முடி சரியாக முளைக்கவில்லை. வயதாகிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? என் பொய்தான் காரணம் என்பது குடும்பத்தின் தீர்ப்பு. எந்த விசேஷத்திலும் அந்தத் தலையைக் காட்டித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள்.

முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறேன். நாளுக்கு ஒரே ஒரு போன் வரும். காலை ஆறு மணிக்கு, பிள்ளைச்சாவடியிலிருந்து அக்கா. "வந்துச்சாடா?" வந்துவிட்டது என்று சொன்னால் சரியென்று வைத்துவிடுவாள். அதனால், ஐந்தரைக்கே போய்விட்டு வந்திருந்தாலும், "இன்னும் இல்லக்கா" என்பேன்.

வரும்வரை பேசிக்கொண்டிருப்பாள்.